ஊக்கு கழலாத பை

8 செப்டம்பர் 2019, ஞாயிறு, பாரிஸ்

பெயர் தீனதயாளன். வயது அறுபத்தாறு. வேலூர் குற்றப்பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். உடன் வந்திருப்பது மனைவி வனரோஜா. முதல் பக்கத்தில் இதையெல்லாம் எழுதச் சொன்னது டாக்டரம்மா. தினமும் நடந்ததை எழுதிவைத்தால் பிரஷருக்கு நல்லதாம். பிரஷருக்கும் என் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன். முப்பத்து மூன்று வருடம் கேஸ் டைரி எழுதிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

சென்னையில் விமானம் ஏறியதிலிருந்து ஹோட்டல் அறைக்கு வந்து சேரும்வரை பாஸ்போர்ட்டை இருபத்தேழு முறை தொட்டுப் பார்த்தேன் என்கிறாள் ரோஜா. உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள்.

மொத்தம் பதினான்கு பேர். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கூட்டிவந்திருப்பவள் ஜெர்லின், நாகர்கோவில் பெண், கறாரானவள். பேருந்தில் ஏறியதுமே பாடம் எடுத்தாள். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். ரயில் கதவருகே நின்று போன் பேசக் கூடாது, கதவு மூடும் நேரத்தில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் நிற்கக் கூடாது. எல்லாம் சரி, ஆனால் பாதிதான் சொன்னாள். மீதியை நான் எழுந்து சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். இனி இந்தக் குழுவின் பாதுகாப்பு என் பொறுப்பு.

9 செப்டம்பர்

நம் சமையல்காரர் ஆவுடையப்பனும் கூடவே வந்திருக்கிறார். ஹோட்டலின் பின்பக்கச் சமையலறையைக் காலையில் இரண்டு மணி நேரம் நமக்கு விடுகிறார்கள். பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் டின் டினாக வந்திறங்கியிருக்கிறது. பாரிஸில் காலை எட்டு மணிக்கு இட்லி, வடகறி.

ரயிலில் போனோம். ஒரே நெரிசல். மூன்று பெண்கள், ஒரு பெரிய வரைபடம். வரைபடத்துக்குக் கீழே கை போகும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தொண்டையைக் கனைத்தேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப்போனார்கள். நம் ஆட்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. காட்பாடி ஸ்டேஷனில் பிளேடு போடும் பக்கிரியை, அவன் விரலில் ஒட்டியிருந்த ஒரு துளி விபூதியை வைத்துப் பிடித்த கதையை மாலையில் எல்லாருக்கும் சொன்னேன். கண் விரியக் கேட்டார்கள்.

10 செப்டம்பர்

கால் வீக்கம். டவர் பார்த்தோம். உயரமாக இருக்கிறது. ஷெர்லின் கெட்டிக்காரி. (ரோஜா திருத்துகிறாள்: ஜெர்லின்.)

11 செப்டம்பர்

ஆவுடையப்பனுக்குக் கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது. நானும் ரோஜாவும் தமிழ்க்கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனோம். சரவணபவ, சிவசக்தி என்று பலகை பலகையாகத் தமிழ். ரோஜா கோயிலுக்கு வந்தவள் மாதிரி ஆகிவிட்டாள்.

கடையில் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர் நகுலேஸ்வரன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கிளிநொச்சிக்காரர். வந்து பதினொரு வருடமாம். மகள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது பார்த்ததுதானாம். அகதி மனு தள்ளுபடியாகி, மேல்மனு போட்டுக் காத்திருக்கிறாராம். இதையெல்லாம் ரோஜா ஐந்தே நிமிடத்தில் கேட்டு வாங்கிவிட்டாள். என்னை விட்டால் அவளைத்தான் விசாரணைக்குப் போட்டிருக்க வேண்டும்.

கறிவேப்பிலைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். பிறகு என் இடுப்புப் பையைப் பார்த்துச் சொன்னார்.

"ஐயா, பாஸ்போட்டைக் கொண்டு திரியாதேங்கோ. இஞ்ச கண்மூடித் திறக்கிறதுக்குள்ள எடுத்துப் போடுவாங்கள். எங்கையாவது பத்திரமா ஒளிச்சு வைச்சிட்டு, போட்டோக் கொப்பியை மட்டும் கொண்டு வாங்கோ."

பாஸ்போர்ட் பையில் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? ரோஜாவிடம் கேட்டேன். நீங்கள்தான் நிமிடத்துக்கு ஒருமுறை தடவிக்கொண்டே இருக்கிறீர்களே, ஊருக்கே தெரியும் என்றாள். இருக்கலாம். ஆனால் இடுப்பைப் பார்த்துப் பேசுகிறவனை நான் சும்மா விட்டதில்லை.

12 செப்டம்பர்

மறுபடியும் அந்தக் கடைக்குப் போனோம். கேட்டால் புளி வாங்க என்பாள் ரோஜா, பேசத்தான் போகிறாள். நாளை அவருக்கு விடுமுறையாம். மலைமேல் இருக்கும் வெள்ளைத் தேவாலயத்துக்குக் கூட்டம் குறைந்த வழியில் கூட்டிப்போகிறேன் என்றார். ஜெர்லினும் சரி என்றுவிட்டாள்.

இவருக்கும் தெரிந்திருக்கட்டும் என்று, காட்பாடி ஸ்டேஷனில் பிளேடு போடும் பக்கிரியை விரலில் இருந்த விபூதியை வைத்துப் பிடித்த கதையைச் சொன்னேன். இதுவரை இந்தப் பயணத்தில் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லும்போது ரோஜா கடை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

13 செப்டம்பர், வெள்ளி, காலை

ஆவுடையப்பனுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டுக்குப் பக்காவாக ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். என்ன ஏற்பாடு என்று இங்கேகூட எழுதப் போவதில்லை. இந்த நோட்டு யார் கையில் வேண்டுமானாலும் சிக்கலாம். இடுப்புப் பையின் ஜிப்புக்கு ஊக்கும் குத்தியாயிற்று.

13 செப்டம்பர், மாலை

வரிசையாக எழுதுகிறேன்.

தேவாலயத்துப் படிக்கட்டு. கூட்டம் குறைந்த வழி என்றார், வந்து பார்த்தால் திருவிழாக் கூட்டம். கீழே நின்ற நான்கைந்து பேர் கையில் கலர் நூலைச் சுற்றிவிட வந்தார்கள். சுற்றிவிட்டால் காசு கேட்பார்கள், கவனம் அங்கே போகும்போது இன்னொருவன் பையில் கை வைப்பான். ஜெர்லின் சொன்ன பாடம்தான். கையை உதறினேன், கால் இடறியது. நகுலேஸ்வரன் பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார். இடுப்பை.

மேலே போய் உட்கார்ந்ததும் பையைத் தொட்டேன். மெலிந்திருந்தது. திறந்தேன். இரண்டு பாஸ்போர்ட்டும் இல்லை.

சட்டை, பேண்ட், ரோஜாவின் கைப்பை எல்லாம் பார்த்தாயிற்று. முப்பத்து மூன்று வருடம் திருடனைப் பிடித்தவனிடமே, குழுவே பார்க்க, திருட்டு. அங்கேயே ரோந்து வந்த மூன்று போலீஸ்காரர்களைக் கூப்பிட்டேன். ஜெர்லினுக்கு இவர்கள் பாஷை தெரியும். யார் மேலாவது சந்தேகமா என்று கேட்டார்கள். கையை நீட்டிக் காட்டினேன்.

ஜெர்லின் என்னைத் தனியே இழுத்தாள். "சார், அந்தாளுதான்னு உறுதியாத் தெரியுமா? சந்தேகம்னா சந்தேகம்னே சொல்லுவோம்."

"முப்பத்து மூணு வருஷ சர்வீஸும்மா. கை என் இடுப்புல பட்டுச்சு. எடுத்தான்னே எழுதச் சொல்லு."

எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். நகுலேஸ்வரனைச் சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கூட்டாளிக்குக் கைமாற்றியிருப்பான், அதுதானே முறை. பிறகு அவருடைய அடையாளச் சீட்டைக் கேட்டார்கள். அவரிடம் மேல்மனு போட்டதற்கான, மடித்த ஒரு தாள்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு மாறிவிட்டது. விலங்கு போட்டார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. "நான் எடுக்கேல்லை ஐயா" என்றார். பிறகு ரோஜாவைப் பார்த்து, "அம்மா, நீங்களாவது சொல்லுங்கோ" என்றார். ரோஜா வாயைத் திறந்தாள். நான் முறைத்தேன்.

அறைக்கு வந்ததும் கேட்கிறாள்: ஜிப் திறக்கும்போது ஊக்கு குத்தியபடியே இருந்ததே, அதை நீங்கள்தானே கழற்றினீர்கள், யூரோ நோட்டெல்லாம் அப்படியே இருக்கிறதே, பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துவிட்டு ஊக்கைத் திரும்பக் குத்திவிட்டுப் போகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்?

கைதேர்ந்தவன் அப்படித்தான் செய்வான், சீக்கிரம் தெரியக் கூடாது என்பதற்காக. கள்ளச் சந்தையில் பாஸ்போர்ட்டுக்கு மதிப்பு அதிகம். சொன்னேன். காலையில் நோட்டில் என்னவோ ஏற்பாடு என்று எழுதினீர்களே, அது என்ன என்றாள். ஊக்குதான். வேறென்ன இருக்கப்போகிறது?

தூதரகத்துக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. ஞாயிறு காலை பேருந்து சுவிட்சர்லாந்து கிளம்புகிறது. பயமாக இருக்கிறது. அதை ரோஜாவிடம் காட்டிக்கொள்ளவில்லை.

14 செப்டம்பர், சனி

இன்று எழுத ஒன்றுமில்லை. மழை. சாம்பார் சாதம், அப்பளம். ரோஜா பேசவில்லை, பல்வலியாக இருக்கும்.

15 செப்டம்பர், ஞாயிறு

நேற்றுக் காலை ஒன்பதரைக்கு ஆவுடையப்பன் அறைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பொட்டலம். துவரம் பருப்பு டின்னுக்குள் கை விட்டாராம், அடியில் தட்டுப்பட்டதாம். என் கைக்குட்டையில் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தது. இரண்டு பாஸ்போர்ட்டும் அதற்குள் இருந்தன.

திருடன் பயந்துபோய்க் கொண்டுவந்து போட்டிருப்பான் என்றேன். ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். ரோஜா அந்தக் கட்டை மேஜைமேல், எனக்கு நேரே வைத்தாள். நூலை நான்கு பக்கமும் ஓட்டி, நடுவில் இரட்டை முடிச்சு, மேலே ஒரு சுருக்கு. அரக்கு வைக்க இடம் விட்டுக் கட்டும் கட்டு. கோர்ட்டுக்கு அனுப்பும் பொருளை ஸ்டேஷனில் அப்படித்தான் கட்டுவோம். நான் எத்தனையோ ஆயிரம் கட்டியிருக்கிறேன்.

வீட்டில் இருக்கும் நகையெல்லாம் எங்கே என்று கேட்டால் அரிசி டிரம் என்றுதான் சொல்வேன். லாக்கரை உடைக்கிறவன் அரிசியைக் கிளற மாட்டான். இங்கேயும் அதையே செய்திருக்கிறேன். நகுலேஸ்வரன் சொன்னபடியே ஒளித்து வைத்திருக்கிறேன். வைத்தது நினைவில்லை. இதை எழுதும்போதும் நினைவில்லை. டின்னைத் திறந்ததோ, பருப்பில் கை விட்டதோ எதுவுமே இல்லை. வெங்காயம் உரித்தது மட்டும் இருக்கிறது.

உடனே ஜெர்லினிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. குழுவில் மற்ற பன்னிரண்டு பேர் முகத்தையும் நினைத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். எப்படியும் அவர் எடுக்கவில்லை என்று தெரிந்து விட்டுவிடுவார்கள், பொருள் கிடைக்காத கேஸ் நிற்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே இருக்கும் அந்த மூன்று வரியை எழுதினேன். ரோஜாவுக்குப் பல்வலி இல்லை.

இன்று விடிந்ததும் அவள் பேசினாள். எழுந்து உட்கார்ந்து, தலையை முடிந்துகொண்டே சொன்னாள்.

"நீங்க மறந்தது தப்பில்லைங்க. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. ஆனா அந்த முடிச்சப் பாத்தப்புறமும் வாயத் தொறக்காம ஒரு நாள் பூரா உக்காந்திருந்தீங்களே, அது மறதியில்லை."

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. எனக்கு அழுகை வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனேன். சிற்றுண்டி மேஜையில் எல்லாரும் இருந்தார்கள். அங்கேயே, ஜெர்லினிடம், எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். ஒருவர் இட்லித் தட்டை ஓரமாக நகர்த்திவைத்தார்.

பேருந்தைப் பதினொரு மணி வரை நிறுத்திவைத்துவிட்டு ஜெர்லின் எங்களோடு போலீஸ் நிலையத்துக்கு வந்தாள். புகாரைத் திரும்பப் பெற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். திருட்டு விஷயம் முடிந்தது, ஆனால் அந்த ஆளிடம் இந்த நாட்டில் இருக்க உரிமைச்சீட்டு இல்லை, அது வேறு அலுவலகத்தின் பொறுப்பு என்றார். நாடு கடத்தும் உத்தரவு வந்துவிட்டதாம். இன்றே தடுப்பு மையத்துக்கு மாற்றுகிறார்களாம்.

உத்தரவு எப்போது வந்தது என்று கேட்கச் சொன்னேன். கேட்காமல் இருந்திருக்கலாம். நேற்று மாலை ஐந்து மணிக்கு. நேற்று மதியமே புகார் இல்லை என்று தெரிந்திருந்தால் என்று ஜெர்லின் இழுத்தாள். அதிகாரி தோளைக் குலுக்கினார். விட்டிருக்கலாம், விடாமலும் இருந்திருக்கலாம், மேல்மனு நிலுவையில் இருக்கிறவர்களைச் சில சமயம் வெளியே விட்டுவிடுவோம் என்றார்.

அப்போதுதான் நகுலேஸ்வரனைத் தாழ்வாரத்தில் அழைத்துவந்தார்கள். அதே சட்டை. ஷூவில் நாடாவை உருவியிருந்தார்கள், காலை இழுத்து இழுத்து நடந்தார். என்னைப் பார்த்து நின்றார். காறித் துப்பியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பாஸ்போட் கிடைச்சிட்டுதோ ஐயா?" என்றார்.

கிடைத்துவிட்டது, நான்தான் வைத்து மறந்திருக்கிறேன் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் கோணியிருக்கும்.

"நல்லதாப் போச்சு. அது இல்லாமல் திரியிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும்."

ரோஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ்காரர் கொஞ்ச நேரம் விட்டுவைத்தார். பிறகு கூட்டிப்போய்விட்டார்கள்.

பேருந்து போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை.

16 செப்டம்பர், திங்கள்

தமிழ்க்கடை முதலாளியம்மா எங்களை உள்ளே விட மாட்டார் என்று நினைத்தேன். விட்டார், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நகுலேஸ்வரனின் மேல்மனுவை நடத்தும் வக்கீலின் முகவரி வாங்கிக்கொண்டோம். இப்படிப்பட்டவர்களுக்காகவே பீஸ் வாங்காமல் வாதாடும் அமைப்பு ஒன்று இருக்கிறது. இளவயதுப் பெண் வக்கீல். தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினாள்.

நகுலேஸ்வரனை நாளைக் காலை நீதிபதி முன் கொண்டுவருகிறார்களாம். காகிதத்தில் திருட்டுச் சந்தேகம் என்று இருப்பதுதான் இடைஞ்சலாம். புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டேனே என்றேன். திரும்பப் பெறுவது வேறு, பொய் என்று தெரிவது வேறு என்றாள். வயதான சுற்றுலாப் பயணி இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்துவிட்டார் என்றும் நினைப்பார்கள். அவர் எடுக்கவே இல்லை, நீங்களே வைத்து மறந்தீர்கள் என்பதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா?

எனக்கு நல்ல ஞாபகசக்தி என்று வாய்வரை வந்தது.

ரோஜா, கூடவே இழுத்து வந்திருந்த பெட்டியின் அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். ஊரிலேயே விட்டுவிட்டு வரும்படி நான் சொன்ன கவர். டாக்டரம்மாவின் கடிதம், ஆங்கிலத்தில். தலையைப் படம் பிடித்தது, கடிகாரம் வரையச் சொன்னது, ஐந்து வார்த்தையைச் சொல்லித் திருப்பிக் கேட்டது, எல்லாம் அதில் இருக்கிறது. ஐந்தில் ஒன்றுதான் சொன்னேனாம். எனக்கு மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது. பிரஷர் கிடையாது. என் பிரஷர் நன்றாகத்தான் இருக்கிறது.

வக்கீல் அதைப் படித்துவிட்டு, டாக்டர் எழுதச் சொன்ன குறிப்பேடு என்று இருக்கிறதே, அதை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இந்த நோட்டு என் சட்டைக்குள்தான் இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். பிறகு எடுத்து மேஜைமேல் வைத்தேன். இப்போதே கொடுங்கள், மொழிபெயர்க்க வேண்டும் என்றாள். ஒரு மணி நேரம் கொடுங்கள், இன்னும் எழுதி முடிக்கவில்லை என்றேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். காட்பாடி பக்கிரி இரண்டு தடவை வருகிறான். ரோஜா ஏன் கடை வாசலைப் பார்த்தாள் என்று இப்போது தெரிகிறது. நேற்று நிலையத்தில் நான் நின்ற நிலையைவிட இதைப் படிப்பது கேவலமாக இருக்கிறது. யாரோ முன்பின் தெரியாத நீதிபதி இதைப் படிக்கப் போகிறார். நான் சிங்கம் மாதிரி எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியையும் படிக்கப் போகிறார்.

பதினான்காம் தேதிப் பக்கத்தையும், அதைக் காட்டிக்கொடுக்கும் பதினைந்தாம் தேதிப் பக்கங்களையும் கிழித்துவிட்டால் என்ன என்று ரோஜாவைக் கேட்டேன். வைத்ததை மறந்தேன் என்பதற்குப் பதின்மூன்றாம் தேதி போதும், முந்தாநாள் தெரிந்தும் சும்மா இருந்தேன் என்பது எதற்கு? சில தாள்தான், தையலோடு உருவினால் தெரியாது. அதற்கும் எனக்கு வழி தெரியும்.

"உங்க இஷ்டம்" என்றாள். "ஆனா நடுவுல பக்கம் இல்லாத டைரியக் கொண்டாந்தா, நீங்க சர்வீஸ்ல இருந்தப்ப நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். மூஞ்சியில் விட்டெறிந்திருப்பேன்.

ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. வக்கீல் கதவருகே வந்து நிற்கிறாள். கேஸ் டைரியை முடிக்கும் முறையிலேயே முடிக்கிறேன்.

இந்த நோட்டில் எழுதப்பட்ட பக்கங்கள் பத்தொன்பது. எல்லாவற்றிலும் எண் போட்டு, கீழே கையெழுத்து இட்டிருக்கிறேன். எந்தப் பக்கமும் கிழிக்கப்படவில்லை. பாஸ்போர்ட்டை டின்னில் வைத்தவன் நான். எனக்கு மறதி நோய் இருக்கிறது. நகுலேஸ்வரன் என்பவர் என் பொருள் எதையும் எடுக்கவில்லை, நான் விழாமல் பிடித்தார், அவ்வளவுதான். இதிலுள்ள தவறுகள் எல்லாம் மறதியால் வந்தவை, பதினான்காம் தேதிப் பக்கத்தைத் தவிர. அது தெரிந்தே எழுதிய பொய்.

மு. தீனதயாளன்